எழுபது சதவீதத்தின் கணக்கு

நாய்க்குப் பெயர்போன மாவட்டம் விருதுநகர். ராஜபாளையம் நாயின் படத்தோடு 2005 ஜனவரி 9 அன்று இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது. அன்று வெளியான நான்கு நாட்டு நாய் இனங்களில் தமிழ்நாட்டைச் சேர்ந்தது இது ஒன்றுதான். சிப்பிப்பாறையும் இதே மாவட்டத்து ஊர். கரிசல் காட்டில் முயல் விரட்டிப் பழகிய கன்னி நாய்க்கும் தெற்குச் சீமைதான் தாய்மண். 2020 ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் நாட்டு நாய்களை வளர்க்கும்படி கேட்டுக்கொண்டபோது இந்த மூன்று பெயர்களையும் சொன்னார்.

இந்தப் பெருமையில் பங்கில்லாத நாய்கள்தாம் எண்ணிக்கையில் அதிகம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வத்திராயிருப்பு வரும் வழியெங்கும், பேருந்து நிறுத்தங்களிலும் கறிக்கடை வாசல்களிலும் கோழிக்கழிவு கொட்டும் கண்மாய்க் கரைகளிலும் அவற்றைப் பார்க்கலாம். அவற்றுக்கு இனப்பெயரும் இல்லை, சொந்தக்காரரும் இல்லை. 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 1.53 கோடி தெருநாய்கள். தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 4.4 லட்சம். 2024இல் தமிழ்நாட்டில் பதிவான நாய்க்கடிகள் ஏறத்தாழ 4.8 லட்சம். அதே ஆண்டில் வெறிநாய்க்கடி நோய்க்கு 43 பேரைப் பறிகொடுத்தோம்.

அந்த 43 பேரையும் காப்பாற்றியிருக்க முடியும். நோயைத் தடுக்கும் ஊசி அரசு மருத்துவமனைகளில் காசில்லாமல் கிடைக்கிறது. நாய்க்குப் போடும் ஊசியும் விலை குறைந்ததுதான். கருத்தடை அறுவை ஒரு கால்நடை மருத்துவரின் அன்றாட வேலைகளில் ஒன்று. அறிவியல் தன் பங்கை எப்போதோ முடித்துவிட்டது. மீதியிருப்பது பொதுப்பணத்தை எங்கே, எப்போது, எவ்வளவு செலவிட வேண்டும் என்ற கேள்வி. அதற்கும் அறிவியலே விடை வைத்திருக்கிறது. அந்த விடை ஓர் எண்: 70.

கொல்வதில் வேகம், பரவுவதில் மந்தம்

வெறிநோய்க் கிருமியைப் போல் விசித்திரமான வைரஸைக் காண்பது அரிது. பல கிருமிகள் உடலுக்குள் நுழைந்ததும் ரத்தத்தில் கலக்கின்றன. இது ரத்தத்தை நாடுவதில்லை. கடிபட்ட இடத்துத் தசையில் சிறிது காலம் தங்கி, அங்கே முடியும் நரம்பின் நுனியைப் பற்றிக்கொண்டு, நரம்பின் வழியே மெல்ல மெல்ல மூளையை நோக்கி ஊர்கிறது. ரத்தத்தில் கலக்காததால் உடலின் காவல் அமைப்பு அதை எளிதில் கண்டுகொள்வதில்லை. கடிபட்டவருக்கு நோய் தெரிய வழக்கமாக இரண்டு மூன்று மாதங்கள் ஆகின்றன. சிலருக்கு ஒரே வாரம், சிலருக்கு ஒரு வருடம்கூட.

இந்த மெதுவான பயணம்தான் நமக்குக் கிடைத்த அவகாசம். கிருமி மூளையை எட்டுவதற்குள் தடுப்பூசி உடலைத் தயார்ப்படுத்திவிடுகிறது. கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது என்பதால் சோப்பு அதைக் கரைத்துவிடும். கடிபட்ட உடனே ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவச் சொல்வதற்குக் காரணம் இதுதான். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பழைய பயம் இனி வேண்டாம். இன்று கையில்தான் ஊசி, அதுவும் சில தவணைகளில் முடிந்துவிடும். ஆனால் கிருமி மூளையை எட்டி நோய் வெளிப்பட்டுவிட்டால் அநேகமாக எவரையும் மருத்துவத்தால் காப்பாற்ற முடிவதில்லை. மனிதருக்குத் தெரிந்த நோய்களில் இவ்வளவு உறுதியாகக் கொல்லும் நோய் வேறில்லை என்றே சொல்லலாம்.

இவ்வளவு கொடிய நோய் எவ்வளவு வேகமாகப் பரவும்? ஒரு நோயாளியிடமிருந்து சராசரியாக எத்தனை பேருக்குத் தொற்றுகிறது என்பதை வைத்துத் தொற்றுநோய்களை அளப்பார்கள். தட்டம்மைக்கு அந்த எண் 12 முதல் 18 வரை. நாய்களிடையே வெறிநோய்க்கு அது இரண்டைக்கூடத் தொடுவதில்லை. தான்சானியாவில் கேட்டி ஹாம்ப்சனும் அவருடைய குழுவினரும் ஒவ்வொரு வெறிநாயும் எந்தெந்த நாயைக் கடித்தது என்று ஊர் ஊராகத் தடம்பிடித்து 2009இல் ஆய்வை வெளியிட்டார்கள். வெறிபிடித்த நாய் சராசரியாக இரண்டு நாய்களைக் கடிக்கிறது. கடிபட்டவற்றில் பாதிக்குத்தான் நோய் வருகிறது. அதாவது ஒரு நாய் செத்தால் அதன் இடத்தில் ஏறத்தாழ ஒரே ஒரு நோயாளி நாய். உலகின் பல நாடுகளின் தரவுகளைப் பார்த்தபோதும் அந்த எண் 1.05க்கும் 1.85க்கும் இடையில்தான் நின்றது.

காரணம் எளியது. வெறி தலைக்கேறிய நாய் சில நாட்களில் செத்துவிடுகிறது. கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிக்கச் சொல்வதும் இதனால்தான். உமிழ்நீரில் கிருமி இருந்த நாய் பத்து நாளைத் தாண்டி உயிரோடு இருக்காது. கடிக்கக் கிடைக்கும் காலம் அவ்வளவு குறுகியது.

இப்படி நூலிழையில் தொங்கிக்கொண்டிருக்கும் நோய் நம்மிடையே ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தொடர்கிறது. அந்த இழையை நாம் முழுதாக அறுக்கவே இல்லை. ஆங்காங்கே கொஞ்சம் கொஞ்சம் அறுத்துவிட்டு நிறுத்தியிருக்கிறோம்.

எழுபது எப்படி வந்தது?

இவ்வளவு மந்தமாகப் பரவும் நோயை நிறுத்த, எந்த நேரத்திலும் ஓர் ஊரின் நாய்களில் 20 முதல் 40 சதவீதத்துக்கு எதிர்ப்புசக்தி இருந்தாலே போதும். அப்படியிருக்க, உலகச் சுகாதார நிறுவனம் 70 சதவீதம் கேட்பது ஏன்?

நாய்களின் வாழ்க்கை குறுகியது, தெருநாயின் வாழ்க்கை அதனினும் குறுகியது என்பதே பதில். ஓர் ஊரில் 1,000 நாய்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரே மூச்சில் 700 நாய்களுக்கு ஊசி போட்டாயிற்று. அடுத்த ஒரு வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு நாய்கள் அடிபட்டும் நோயுற்றும் சாகின்றன. அவற்றின் இடத்தில் ஊசியே போடாத புதுக் குட்டிகள் வளர்கின்றன. வருடக் கடைசியில் ஊசி போட்டவற்றில் எஞ்சியிருப்பவை சுமார் 470. அது 47 சதவீதம். இன்னும் பாதுகாப்பான எல்லைக்கு மேலேதான் இருக்கிறோம். அதற்குள் அடுத்த சுற்று வந்துவிட வேண்டும்.

இதே ஊரில் 300 நாய்களுக்கு மட்டும் ஊசி போட்டால்? வருடக் கடைசியில் 200தான் மிஞ்சும். 20 சதவீதம் என்பது ஆபத்தின் விளிம்பு. பக்கத்து ஊரிலிருந்து ஒரு வெறிநாய் வந்தாலும் போதும், செலவிட்ட பணமெல்லாம் வீண். 70க்குச் செலவிடும் பணம் நோயை நிறுத்துகிறது. 30க்குச் செலவிடும் பணம் அறிக்கையில் ஓர் எண்ணைத்தான் கூட்டுகிறது. அரைகுறை வேலைக்கு அரைப்பங்குப் பலனாவது கிடைக்கும் என்பது நம் பொதுவான நம்பிக்கை. இந்த விஷயத்தில் அது பொய்த்துப் போகிறது.

சென்னை கற்ற பாடம்

நாயைப் பிடித்துக் கொல்வதுதான் வழி என்று நெடுங்காலம் நம்பியது சென்னை மாநகராட்சி. 1860 முதல் அந்த வேலை நடந்தது. கொல்லும் எண்ணிக்கை ஆண்டுக்காண்டு ஏறிக்கொண்டே போனது. தொடக்கத்தில் நாளுக்கு ஒரு நாய்கூட இல்லை; 1995 வாக்கில் நாளுக்கு 135 நாய்கள் வரை எட்டியது என்று எழுதியிருக்கிறார் டாக்டர் எஸ். சின்னி கிருஷ்ணா. எழுபதுகளில் செத்த நாய்களின் தோலிலிருந்து என்னென்ன பொருட்கள் செய்யலாம் என்று மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் பார்க்கும் அளவுக்கு அது பெருகியிருந்தது. கொல்லக் கொல்ல நாய்களும் குறையவில்லை, வெறிநோயும் குறையவில்லை.

சின்னி கிருஷ்ணாவின் பெற்றோர் கேப்டன் வி. சுந்தரமும் உஷா சுந்தரமும் 1959இல் தொடங்கிய அமைப்புதான் ப்ளூ கிராஸ். கொல்வதற்குப் பதில் கருத்தடை செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட்டுவிடலாம் என்று 1964 முதல் அது சொல்லிவந்தது. மாநகராட்சி அதற்குச் செவிசாய்த்தது 1996இல். தென்சென்னையில் தொடங்கி நகர் முழுவதும் பரவியது திட்டம். 1996இல் 120 ஆக இருந்த வெறிநோய்ச் சாவுகள் 2004இல் ஐந்தாகக் குறைந்ததாக ப்ளூ கிராஸ் பதிவுசெய்திருக்கிறது. 2001இல் மத்திய அரசு இதை நாடு முழுவதற்குமான விதியாக்கியது. அதன் புதிய வடிவம் 2023 மார்ச் 10 அன்று அறிவிக்கப்பட்டது. தெருநாய்க் கருத்தடையும் தடுப்பூசியும் உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு என்கிறது அந்த விதி. வத்திராயிருப்பு போன்ற பேரூராட்சிக்கும் இது பொருந்தும்.

கொல்வது ஏன் பலிக்கவில்லை என்பதை மேலே போட்ட கணக்கிலேயே பார்க்கலாம். ஒரு தெருவில் எத்தனை நாய்கள் வாழும் என்பதை அங்கே கிடைக்கும் தீனிதான் முடிவுசெய்கிறது. பத்து நாய்களைக் கொன்றால் அவற்றின் பங்குத் தீனி மிச்சமாகிறது. அதைத் தின்று குட்டிகள் கூடுதலாகப் பிழைக்கின்றன. பக்கத்துத் தெரு நாய்களும் வந்து சேர்கின்றன. வரத்துக் கால்வாயை அடைக்காமல் கண்மாயை இறைப்பது போன்ற வேலை அது. இதில் இன்னொரு இழப்பும் உண்டு. கொல்லப்பட்டவற்றில் ஊசி போட்ட நாய்களும் இருக்கும். அவற்றின் இடத்துக்கு வருபவை எதிர்ப்புசக்தியே இல்லாத இளம் நாய்கள். பாலித் தீவுக்கு 2008இல் வெறிநோய் வந்தபோது அங்கே பெரும் எண்ணிக்கையில் நாய்களைக் கொன்றார்கள். நோய் தீவெங்கும் பரவியது. 2010இல் தீவு முழுவதும் ஊசி போடத் தொடங்கிய பிறகுதான் சாவுகள் குறைந்தன.

அப்படியானால் 2024 கணக்கெடுப்பில் சென்னையில் சுமார் 1.8 லட்சம் தெருநாய்கள் இருந்தது எப்படி? திட்டத்தில் தவறில்லை, அதன் வேகம் போதவில்லை. நகரம் விரிந்த அளவுக்கு அறுவைக் கூடங்களும் மருத்துவர்களும் பெருகவில்லை. முப்பது வருடம் தொடர்ந்து நடந்தாலும் 70ஐ எட்டாத திட்டம் 70இன் பலனைத் தராது. 2025 ஆகஸ்டில் நகரின் நாய்களுக்கெல்லாம் ஒரே மூச்சில் ஊசி போடும் பெரும் முயற்சியைச் சென்னை தொடங்கியது இதை உணர்ந்துதான்.

குட்டிகளின் கணக்கு

நாயின் கர்ப்பகாலம் சுமார் 63 நாட்கள். ஓர் ஈற்றில் நாலைந்து குட்டிகள் சாதாரணம். ஒரு ஜோடி நாயிலிருந்து ஆறு வருடத்தில் பல ஆயிரம் நாய்கள் உருவாகும் என்ற கணக்கைச் சுவரொட்டிகளில் பார்த்திருப்போம். காகிதத்தில் சரியாக வரும் அந்தக் கணக்குத் தெருவில் நடப்பதில்லை. கொல்கத்தா இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தின் அனிந்திதா பத்ரா குழுவினர் மேற்கு வங்கத் தெருநாய்க் குட்டிகளை ஐந்து ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். இனப்பெருக்க வயதை எட்டியவை 19 சதவீதம் மட்டுமே. செத்தவற்றில் 63 சதவீதத்தின் சாவுக்கு மனிதர்களே காரணம்: வண்டியில் அடிபடுவது, அடித்துக் கொல்லப்படுவது, விஷம் வைக்கப்படுவது, தாயிடமிருந்து தூக்கிச் செல்லப்படுவது.

ஐந்து குட்டிகளில் நான்கு செத்துப்போகும் ஓர் ஏற்பாட்டைத்தான் நாம் இயற்கை என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். கருத்தடை உண்மையில் தடுப்பது இந்தச் சாவுகளைத்தான்.

அதே 1,000 நாய் ஊருக்குத் திரும்புவோம். 500 பெண் நாய்கள். வருடத்துக்கு ஓர் ஈற்று, ஐந்து குட்டிகள். மொத்தம் 2,500 குட்டிகள். 19 சதவீதம் பிழைத்தால் 475 புது நாய்கள். செத்தவை 330. ஊரில் நாய்கள் கூடிவிட்டன. பெண் நாய்களில் 20 சதவீதத்துக்கு மட்டும் கருத்தடை செய்திருந்தால் புது வரவு 380. அப்போதும் கூடவே செய்யும். 70 சதவீதத்துக்குச் செய்திருந்தால் புது வரவு 140 அளவில் நிற்கும். சாவை விடப் பிறப்பு குறைந்து எண்ணிக்கை இறங்கத் தொடங்கும். குட்டிகள் குறையக் குறைய, பிறந்தவை பிழைக்கும் வாய்ப்புக் கூடும் என்பதால் இறக்கம் கணக்கில் காண்பதைவிட மெதுவாகத்தான் இருக்கும். ஆனால் திசை மாறிவிடும். ஜெய்ப்பூரில் இது நடந்தது. 1994 நவம்பர் முதல் 2002 டிசம்பர் வரை அங்கே ஒரு தொண்டு நிறுவனம் 24,986 நாய்களுக்குக் கருத்தடையும் ஊசியும் அளித்தது. பெண் நாய்களில் 65 சதவீதத்தை எட்டியபோது நாய்களின் எண்ணிக்கை 28 சதவீதம் குறைந்திருந்தது. அந்தப் பகுதியில் மனிதருக்கு வெறிநோய் வருவது நின்றுபோனது. நகரின் பிற பகுதிகளில் கூடியது.

கருத்தடையும் ஊசியும் ஒன்றையொன்று தாங்கிப் பிடிப்பதுதான் இதில் வியப்பு. கருத்தடை செய்த பெண் நாய்க்கு ஈற்றின் களைப்பும் இல்லை, குட்டிக்காகக் கடிக்கும் ஆவேசமும் இல்லை. அது நெடுநாள் வாழ்கிறது. நெடுநாள் வாழ்வதால் ஊசி போட்ட நாய்களின் விகிதமும் சட்டென்று சரிவதில்லை. ஊசி இன்றைய நோயை நிறுத்துகிறது. கருத்தடை அந்த ஊசியின் பலனை அடுத்த வருடத்துக்குக் கொண்டுசெல்கிறது.

இந்தக் கணக்குக்குள் வீட்டு நாய்களும் வர வேண்டும். தெருவில் இருக்கும் பெண் நாய்களில் பல ஒரு காலத்தில் ஏதோ ஒரு வீட்டில் பிறந்தவை. ஆண் குட்டிகளை ஆளாளுக்குக் கேட்டு வாங்கிப் போவார்கள்; பொட்டைக்குட்டிகள் சாக்குப் பையில் கட்டப்பட்டுக் கண்மாய்க் கரைக்கோ சந்தைக்கோ போய்ச் சேரும். வளர்க்க மனமில்லை என்று விடப்பட்ட அந்தக் குட்டிதான் அடுத்த வருடம் தெருவில் ஈனும் தாய். இனப்பெருமைக்கும் இதில் பங்குண்டு. ராஜபாளையம் நாயின் தூய வெண்மையை விரும்பி நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம்சேர்த்ததில் காது கேளாத குட்டிகள் பிறப்பது தெரிந்த விஷயம். நிறம் தரும் அணுக்கள் உள்காதிலும் வேலை செய்கின்றன. அவை இல்லாமல் போனால், பிறந்த சில வாரங்களில் கேட்கும் உணர்வு அணுக்கள் மடிந்துவிடுகின்றன. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு விதி சொல்கிறது. நாய் வளர்த்து விற்பவர்கள் பதிவுசெய்துகொள்ள வேண்டும் என்று தமிழ்நாடு அரசின் 2024ஆம் ஆண்டுக் கொள்கை சொல்கிறது. விற்பவரும் வளர்ப்பவரும் கைவிடும் ஒவ்வொரு குட்டிக்கும் ஊர்தான் செலவழிக்கிறது. எனவே பதிவுக் கட்டணமும் உரிமமும் ஊரின் நியாயமான உரிமை.

காப்பகம் எதற்கு?

2025 ஆகஸ்ட் 11 அன்று, டெல்லித் தெருநாய்கள் அனைத்தையும் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு உத்தரவிட்டது. ஆகஸ்ட் 22 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தியது: வெறிநோய் பிடித்தவையும் ஆவேசமாகத் தாக்குபவையும் தவிர மற்ற நாய்களைக் கருத்தடை செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். நவம்பர் 7 அன்று பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களின் வளாகங்களிலிருந்து நாய்களை அகற்ற வேண்டும், அங்கே திரும்ப விடக் கூடாது என்றது. நாடெங்கும் காப்பகம் பற்றிய பேச்சு எழுந்தது.

குழந்தையை நாய் கடித்த வீட்டில், எல்லா நாய்களையும் கொண்டுபோய் அடையுங்கள் என்ற குரல் எழுவதில் தவறே இல்லை. அந்த வேதனையை மதித்தே கணக்கைப் பார்க்க வேண்டும். தீனி, மருந்து, ஆள்கூலி எல்லாம் சேர்த்து ஒரு நாய்க்கு நாளொன்றுக்கு 50 ரூபாய் என்று குறைத்தே வைப்போம். வருடத்துக்கு 18,250 ரூபாய். கருத்தடைக்கும் ஊசிக்கும், பிடித்து விடுவதற்கும் சேர்த்து இந்திய விலங்குகள் நல வாரியம் வகுத்த தொகை ஒரு நாய்க்கு 1,650 ரூபாய். ஒரே ஒரு நாயை ஒரு வருடம் அடைத்து வைக்கும் காசில் பதினொரு நாய்களுக்குக் கருத்தடை செய்துவிடலாம். காப்பகம் நிரம்பிய பிறகும் தெருவில் குட்டிகள் பிறந்துகொண்டே இருக்கும்.

அமெரிக்கா இந்த அனுபவத்தை நம்மிலும் முன்பே பெற்றது. எழுபதுகளில் அங்கே காப்பகங்களில் ஆண்டுக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்ட நாய்களும் பூனைகளும் இடமில்லாமல் கொல்லப்பட்டன. 1971இல் லாஸ் ஏஞ்சலஸ் நகராட்சி தன் செலவில் மலிவான கருத்தடை மையத்தைத் திறந்தது. வேறு பல நகரங்களும் அந்த வழியில் வந்தன. இன்று அந்த எண்ணிக்கை பத்து லட்சத்துக்கும் கீழே. இந்தக் குறைவில் கருத்தடைக்குப் போன பணத்துக்குப் பெரும் பங்குண்டு.

காப்பகமே வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. அடிபட்ட நாய்க்கும், முதுகெலும்பு முறிந்ததற்கும், கண்காணிப்பில் வைக்க வேண்டியதற்கும், பள்ளி வளாகத்திலிருந்து அகற்றியதற்கும் இடம் வேண்டும். அதற்கான பொதுப்பண வழியும் தமிழ்நாட்டில் பிறந்திருக்கிறது. கைவிடப்பட்ட, காயம்பட்ட விலங்குகளைப் பராமரிக்கும் தொண்டு நிறுவனங்களுக்கு உதவ 2022-23 வரவு செலவுத் திட்டத்தில் வள்ளலார் பெயரில் பல்லுயிர் காப்பகத் திட்டத்தை 20 கோடி ரூபாயில் அரசு அறிவித்தது. வாடிய பயிரைக் கண்டு வாடிய மனிதரின் பெயருக்கு ஏற்ற நோக்கம் அது. ஆனால் அந்தக் காப்பகங்கள் சிறியனவாக இருந்தால்தான் நல்லனவாகவும் இருக்க முடியும். அவற்றைச் சிறியனவாக வைத்திருக்கக் கருத்தடையால்தான் முடியும்.

மலையடிவாரத்தின் கூடுதல் பொறுப்பு

இந்த வேலையைச் செய்யச் சமவெளி ஊர்களுக்கு இல்லாத ஒரு காரணம் வத்திராயிருப்புக்கு உண்டு. ஊருக்கு மேற்கே நிற்பது மேற்குத் தொடர்ச்சி மலை. சாம்பல் நிற மலை அணிலுக்காக 1988இல் சரணாலயமான இந்தக் காடு, 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகமாக உயர்ந்தது. தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகம் அது. பிளவக்கல் அணைக்கும் தாணிப்பாறைக்கும் அப்பால் காடுதான். சதுரகிரி மலைக் கோயிலுக்கு அமாவாசை, பௌர்ணமி நாட்களில் ஆயிரக்கணக்கானோர் அந்த வழியாக ஏறுகிறார்கள். கூட்டம் கூடும் இடத்தில் உணவு எச்சம் சேரும். எச்சம் சேரும் இடத்துக்கு நாய் வரும்.

நாய்க்கு வரும் டிஸ்டெம்பர் நோய் பெரும்பூனைகளையும் கொல்லும். 1994இல் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டியில் அந்தக் கிருமி சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கை அழித்தது. அது சுற்றுவட்டார ஊர்களின் நாய்களிடமிருந்து போனது என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். 2018இல் குஜராத்தின் கிர் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் அடுத்தடுத்துச் செத்தபோதும் அதே கிருமி கண்டறியப்பட்டது. எனவே மலையடிவார ஊர்களான கூமாப்பட்டியிலும் கான்சாபுரத்திலும் ஒரு நாய்க்குப் போடும் ஊசி மனிதருக்கு மட்டும் காவலாக நிற்பதில்லை. வெறிநோய் ஊசியோடு டிஸ்டெம்பர் ஊசியையும் காட்டோர ஊர்களில் சேர்த்துப் போட்டால், புலிகள் காப்பகத்தின் காவலும் ஊர்த் தெருவிலேயே தொடங்கிவிடும். வனத்துறையும் கால்நடைத் துறையும் இதற்கான செலவில் பங்கேற்பது இரு துறைகளின் நோக்கத்துக்கும் பொருந்தும்.

நான்கு பேரூராட்சிகள், ஒரு கூடம்

வத்திராயிருப்பு, வ.புதுப்பட்டி, சுந்தரபாண்டியம், எஸ்.கொடிக்குளம் என்ற நான்கு பேரூராட்சிகள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனித்தனியாக அறுவைக் கூடமும் கூண்டு வரிசையும் பிடிக்கும் வண்டியும் வைத்துக்கொள்வது நடக்கிற காரியமில்லை. நாய்க்குப் பேரூராட்சி எல்லையும் தெரியாது. ஓர் ஊர் முழுதாகச் செய்து பக்கத்து ஊர் சும்மா இருந்தால், இரண்டு ஊருக்கும் பலனில்லை. நான்கும் சேர்ந்து, சுற்றியுள்ள ஊராட்சிகளையும் இணைத்துக்கொண்டு ஒரே கூடத்தை நடத்துவதுதான் அறிவியலுக்கும் சிக்கனத்துக்கும் பொருந்தும் வழி.

செலவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். இந்த வட்டாரத்தில் 3,000 தெருநாய்கள் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், 70 சதவீதம் என்பது 2,100 நாய்கள். தலைக்கு 1,650 ரூபாய் என்றால் முதல் வருடம் 34 லட்சத்து 65 ஆயிரம் ரூபாய். திருத்தப்பட்ட மத்திய திட்டத்தின்படி நாய்க்கு 800 ரூபாய் உதவி கிடைத்தால் அதில் ஏறத்தாழ பாதி குறையும். இரண்டாம் வருடம் புதிதாகச் செய்ய வேண்டியவை 700 அளவில்தான் இருக்கும். பழைய நாய்களுக்கு ஊசி மட்டும் போதும். பிறகு வருடா வருடம் செலவு குறைந்துகொண்டே வரும். ஒவ்வொரு நாய்க்கடிக்கும் தடுப்பூசி, நோயெதிர்ப்புப் புரதம், கூலி இழந்த நாட்கள் என்று இன்று கண்ணுக்குத் தெரியாமல் போய்க்கொண்டிருக்கும் பணத்தையும் இதனோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

காலமும் முக்கியம். தெருநாய்கள் பெரும்பாலும் மழைக்காலத்தை ஒட்டி இணைகின்றன. மார்கழி, தை மாதங்களில் குட்டிகள் நிறையக் கண்ணில் படுவது அதனால்தான். ஆனியிலும் ஆடித் தொடக்கத்திலும் வேலையை முடித்தால் ஒரு தலைமுறைக் குட்டிகளையே தவிர்க்கலாம்; ஆடி அமாவாசைக்குச் சதுரகிரிக் கூட்டம் வருவதற்குள் நாய்களுக்கு எதிர்ப்புசக்தியும் வந்திருக்கும். அறுவை முடிந்த நாயின் காது நுனியில் ஆப்பு வடிவில் சிறிதாக வெட்டி விடுவார்கள். எத்தனை காதில் வெட்டு இருக்கிறது என்று தெருவில் நின்று எண்ணிப் பார்த்தே 70ஐ எட்டினோமா என்று எவரும் சோதிக்கலாம். பொதுப்பணத்துக்கு இவ்வளவு எளிதான தணிக்கை வேறு எந்தத் திட்டத்திலும் கிடைக்காது. கறிக்கடைக் கழிவையும் கல்யாண மண்டபத்து எச்சத்தையும் அன்றன்றே அள்ளுவதும் இதே திட்டத்தின் பகுதிதான். தீனி குறைந்தால் தெரு தாங்கும் நாய்களின் எண்ணிக்கையும் குறையும்.

இவை நடக்கக்கூடியவைதாமா என்று கேட்பவர்களுக்கு இரண்டு இடங்களைக் காட்டலாம். கோவாவில் மாநில அரசும் தொண்டு நிறுவனமும் சேர்ந்து ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் நாய்களுக்குத் தெருத் தெருவாக வலை வீசிப் பிடித்து ஊசி போட்டன. எந்தத் தெரு முடிந்தது, எது மீதி என்று கைபேசிச் செயலியில் குறித்துக்கொண்டே போனார்கள். நாய்களிடையே வெறிநோய் 92 சதவீதம் குறைந்தது. 2021இல் கோவா, வெறிநோய் கட்டுப்படுத்தப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. பூடான் 2009இல் தொடங்கி 1.5 லட்சம் நாய்களுக்குக் கருத்தடை செய்து, 2023இல் தன் தெருநாய்கள் அனைத்துக்கும் செய்து முடித்ததாக அறிவித்தது. இரண்டு இடங்களிலும் புதுக் கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. ஒரு பகுதியை எடுத்தால் முடிக்கும் வரை விடாத பிடிவாதம், அடுத்த வருடமும் பணம் வரும் என்ற உறுதி, இந்த இரண்டும்தான் இருந்தன.

வத்திராயிருப்பு வட்டாரத்துக்கும் இவ்வளவே தேவை. நான்கு பேரூராட்சிகளின் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் தெருநாய்க் கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் பெயர் சொல்லி ஒரு தலைப்பு, ஐந்து வருடங்களுக்குக் குறையாத உறுதியான ஒதுக்கீடு, ஒவ்வோர் ஆனி மாதமும் நடக்கும் ஒரே மூச்சு வேலை. இவை மூன்றையும் மன்றக் கூட்டத்தில் ஒரு தீர்மானமாகக் கொண்டுவரும்படி தங்கள் வார்டு உறுப்பினரிடம் கேட்கும் உரிமை இந்த ஊர்களில் வரி கட்டும் ஒவ்வொருவருக்கும் இருக்கிறது. கேட்க வேண்டிய எண் 70. அதற்குக் கீழே எதை ஒதுக்கினாலும் ஏற்க வேண்டாம்.